ஆர்க்கிட்டுக்குப் புற்று மண்

சங்கரன்கோவிலில் பூவை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மார்க்கெட்டில் எடை போடுவார்கள், தொடுப்பார்கள், தலையில் வைப்பார்கள், சாமிக்குச் சாத்துவார்கள், மறுநாள் காலையில் கூட்டி அள்ளுவார்கள். மல்லிகையானாலும் பிச்சியானாலும் ஊர் அதற்குக் கொடுத்திருக்கிற ஆயுள் ஒரு நாள்தான். அப்படிப்பட்ட ஊருக்கு, பெங்களூரிலிருந்து ஒரு ஆர்க்கிட் செடி ஆம்னி பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து வந்து சேர்ந்தது.

அது வந்து இறங்கிய வீட்டில்தான் நான் வேலைக்கு இருந்தேன். ரிட்டயர்டான ஒரு பி.டி. மாஸ்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. சமையல், மாத்திரை, துணி, வாய்ச்சண்டை எல்லாம் அதில் அடக்கம். எனக்கு ஓர் ஊரில் கால் தரிக்காது. பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூரில் பிறந்து, எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவள். தீப்பெட்டி ஆபீசில் இருந்தேன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன், கோட்டயத்தில் படுக்கையில் கிடந்த ஒரு அம்மாவுக்கு ஹோம் நர்ஸாக இருந்தேன், மஸ்கட்டில் ஒரு வீட்டில் எல்லாவற்றுக்குமாக இருந்தேன். மஸ்கட்டில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே விடமாட்டார்கள். வெயிலைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். எங்கள் ஊர் வெயிலையும் அப்படிப் பார்ப்பதுதான் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அவன் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம் போனேன். இருவரும் தேடிக்கொள்ளவில்லை.

மாஸ்டருக்கு எண்பதை நெருங்குகிற வயது. பரம்பரையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர் மனைவியும் டீச்சர். அந்த அம்மா இறந்துபோனதிலிருந்து முன்னறையில் கிடக்கும் பிரம்பு நாற்காலிதான் அவருக்கு வீடு, ஊர், உலகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைத் தவிர வேறு எதற்கும் கேட்டைத் தாண்ட மாட்டார். கழுத்தில் பழைய விசில் ஒன்று தொங்கும். ஒரு தடவை அடித்தால் டீ. விடாமல் அடித்தால் கக்கூஸ். எனக்கு ஒரு பெயர் இருப்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் வருவதற்கு முன்பு ஒருநாள் பின்வாசலில் வழுக்கி விழுந்து, பால்காரர் வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் பெங்களூரில் இருக்கிற மகள் என்னை வேலைக்கு வைத்தது. ஒரே மகள். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. ஆசை என்பதைவிடப் பயம் என்று சொல்லலாம். போன் அடித்து நாங்கள் எடுக்கக் கொஞ்சம் தாமதமானால், எடுத்த பிறகு முதல் வார்த்தையே மூச்சு வாங்கத்தான் வரும்.

பொங்கல் லீவுக்கு வந்தபோதுதான் அந்தச் செடியைக் கொண்டுவந்தாள். வெள்ளைப் பூவில் நடுவில் கத்தரிப்பூ நிறம். குச்சியில் கிளிப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது பூவாம்மா? பட்டாம்பூச்சியப் பிடிச்சு ஆணி அடிச்ச மாதிரில்லா இருக்கு."

"அப்பா, விளையாடாதீங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் வீட்டுல வச்சிருக்காங்க."

"எல்லாரும் வச்சிருந்தா அது வியாதி."

மகள் சிரித்தாள். பிறகு சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். "சரி, ஒரு பந்தயம். நான் மே மாசம் வருவேன். அதுவரைக்கும் நீங்களும் அக்காவும் இதை உயிரோட வச்சிருந்தீங்கன்னா, நீங்க இங்கயே இருங்க. பெங்களூர்ப் பேச்சையே எடுக்க மாட்டேன். செத்துப் போச்சுன்னா என்கூட வந்துரணும்."

நான் வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் அப்படி நினைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மைதானத்தில் நின்று தீர்ப்புச் சொன்ன மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவுட் அவுட்தான் என்பது அவர் சட்டம். மகள் பஸ் ஏறிய மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏட்டி, போன தடவ ஒரு மாசம் அங்க இருந்தேன். பதினோராவது மாடி. லிப்டுல ஒருத்தன் நாயக் கூட்டிட்டு வாரான். எல்லாரும் அந்த நாய்கிட்ட நின்னு சொகம் கேக்காக. என்னைய எவனும் ஏறிட்டுப் பாக்கல. இங்கன தெருவுல போறவன்ல பாதிப்பேரு எங்கிட்ட அடி வாங்கினவன். கிழவன் இன்னும் சாகலையான்னாவது பாத்துட்டுப் போவான். எனக்கு அது போதும்."

"அதுக்கு என்ன சார் செய்யணும்?"

"அந்தச் சவத்தச் சாகாமப் பாத்துக்க."

இப்படியாக, செடி செத்தால் மாஸ்டருக்கு வீடு போகும், எனக்கு வேலை போகும் என்று ஆயிற்று. வேலை போவது எனக்குப் பழகிய விஷயம். அவருக்கு வீடு போவது பழகியதில்லை.

முதல் இரண்டு மாதம் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. மகள் சொன்னபடி வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர். மற்றபடி அது பாட்டுக்கு ஜன்னலோரம் நின்றது. பூ அப்படியே இருந்தது. தெருவில் இது பெரிய பேச்சாகிவிட்டது. வாசலில் பிச்சிப்பூ விற்க வருகிற அக்கா ஒருநாள் உள்ளே வந்து, ஓர் இதழை நகத்தால் கிள்ளியே பார்த்தாள்.

"ரெண்டு மாசமா வாடாம இருக்கது என்ன பூவு? நானும் பிளாஸ்டிக்குன்னு நெனச்சேன். மணமும் இல்ல, தொடுக்கவும் முடியாது. இத வச்சு என்ன செய்ய?"

"பாத்துட்டு இருக்கணும்க்கா," என்றேன்.

"அதுக்கு என் வீட்டுக்காரரு இருக்காருல்லா," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச்சில் பூக்கள் உதிர ஆரம்பித்தன. பூ முடிந்து உதிர்வது அந்தச் செடிக்கு இயற்கை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. முதல் பூ விழுந்த அன்று மாஸ்டர் மத்தியானச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார். அடுத்த பூ விழுந்ததும் நாங்கள் அதைக் கவனிக்க ஆரம்பித்தோம். அதற்குக் கேடு காலம் அன்றுதான் தொடங்கியது.

அவர் முறை பள்ளிக்கூட முறை. காலையில் வெயிலில் நிறுத்தினார். சோம்பேறிப் பயல்களை அப்படி நிறுத்தித்தான் அவருக்குப் பழக்கம். ஒரே நாளில் ஓர் இலையில் சூடு வைத்த மாதிரி தழும்பு விழுந்தது. என் முறை வீட்டு முறை. அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினேன், டீத்தூளைப் போட்டேன், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் மகள் வீடியோவில் வருவாள். பூ இருக்கிற பக்கத்தை மட்டும் காட்டுவோம். பூ ஒன்றாகக் குறைந்ததும், "நெட்டு சரியில்லம்மா, வீடியோ வரமாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுப் பேச்சோடு நிறுத்திக்கொள்வோம். பொய் சொன்ன வாயோடு மாஸ்டர் உடனே ஜெபம் செய்வார். ஒரே உட்காரலில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

இதற்கு நடுவில் அவர் கால் விவகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெகுநாளாக ஒரு படை. சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். டாக்டர்கள் எழுதித் தந்த ஆயின்மென்ட் டியூப்புகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கடைசியில் போய் நிற்கிற இடம் கோயில். அங்கே புற்று மண் தருவார்கள். தண்ணீரில் குழைத்துப் பூசுவோம், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். எனக்குச் சின்ன வயதில் சொறி வந்தபோது அம்மா என்னை அந்த மண்ணால் மெழுகியே எடுத்துவிட்டாள். ஆனால் மாஸ்டரிடம் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

"படிச்சவன் மருந்து போடுதான். உங்க ஆளுக மண்ண அள்ளித் திங்கீக," என்பார்.

"மருந்து போட்டுத்தான் உங்க கால் இப்படி மினுங்குது," என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

ஒருநாள் சொறிச்சல் தாங்காமல் சோப்புப் பெட்டியை எடுத்துக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோயில் வாசலுக்குப் போய்ப் புற்று மண் வாங்கிவந்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, "கோட்டயத்துல இருந்தப்போ பாத்த பொடி சார், கேரளா வைத்தியம்," என்று சொல்லிப் பூசினேன். மூன்று வாரத்தில் படை காய்ந்துவிட்டது. எண்ணெய் கேட்டதா, மண் கேட்டதா, அதற்கு முன்னால் போட்ட ஆயின்மென்ட் மெதுவாக விழித்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது.

"கேரளாக்காரன் கெட்டிக்காரன்ட்டி," என்றார் மாஸ்டர். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

அடுத்த வாரம் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வரிசை நீளம். திரும்பி வரும்போது வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. மாஸ்டர் நாற்காலியில் வேட்டி சட்டையோடு, மாஸ்க் போட்டு, தலையில் பழைய ஸ்போர்ட்ஸ் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் செடி. அதன் தொட்டியில் விளிம்பு வரைக்கும் மண். அமுக்கி, தட்டி, தண்ணீர் தெளித்து, மைதானத்தில் பிட்ச் போடுகிற மாதிரி சமன் செய்திருந்தது.

"என்ன சார் இது?"

"என் காலுக்குக் கேட்டது இதுக்குக் கேக்காதா?"

"உங்களுக்குத் தெரியுமா சார், அது புற்று மண்ணுன்னு?"

"ஏட்டி, நாப்பது வருஷம் இந்த ஊரு மண்ணுல உருண்டவன் நான். எந்த மண்ணு எங்கன உள்ளதுன்னு மோந்து சொல்லுவேன். மொத நாளே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தச் சொல்லணும்லா. கால் நல்லாருந்துச்சு."

"உங்க சாமி கோவிச்சுக்காதா?"

"கர்த்தர் எல்லா மண்ணையும்தாம்ட்டி படைச்சாரு. அவரு இதுல கட்சி பிரிக்கல."

ஆட்டோ பிடித்துத் தனியாகக் கோயில் வாசலுக்குப் போய், இறங்கி, வாங்கி, மறுபடி ஏறி வந்திருக்கிறார். ஒரு வருஷமாகச் சர்ச்சுக்குத் தவிர கேட்டைத் தாண்டாத மனிதர். மாஸ்க் போட்டிருந்ததால் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று பெருமையாகச் சொன்னார். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் அந்த விசிலைத் தெரியாதவன் கிடையாது. ஆட்டோக்காரரே அவரிடம் படித்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பக்கத்தில் வந்து மெதுவாக, "கோயில் பக்கம் போயிருந்தீங்களாமே சார், வீட்ல யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டாராம். "செடிக்குத்தான் சொகமில்ல," என்று மாஸ்டர் பதில் சொல்லியிருக்கிறார். போதகர் அதற்காகவும் ஜெபித்துக்கொள்வதாகச் சொன்னாராம். ஆக, எங்கள் செடிக்கு இரண்டு பக்கத்திலும் ஆள் இருந்தது. இருந்தும் அது சாகத்தான் பார்த்தது.

புற்று மண் நனைந்து காய்ந்தால் சிமென்ட். கரையான் அதை எதற்காகக் கட்டுகிறதோ அந்த வேலையை அது எங்கள் தொட்டிக்குள்ளும் ஒழுங்காகச் செய்தது. கொஞ்ச நாளில் இலைகள் பழுத்து, நமத்த அப்பளம் மாதிரித் துவண்டன. விரலால் தட்டினால் தொட்டி டொக் டொக் என்றது. ஏப்ரல் வெயில் வேறு. மத்தியானம் தெருவில் தறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் அசையாது. மாஸ்டர் விசில் அடிப்பதைக் குறைத்துவிட்டார். ஒருநாள் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு தன் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுதீங்க?"

"ஒண்ணுமில்ல. அங்க குளிரும்பாக. முழுக்கை எத்தன இருக்குன்னு பாத்தேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்குச் சட்டையைப் பெட்டியில் வைப்பது கை பழகின வேலை. அவர் அதைச் செய்ய நின்ற விதம், துணிக்கடையில் யாரோ கைவிட்டுப் போன சின்னப்பிள்ளை நிற்கிற மாதிரி இருந்தது. கோட்டயத்து வீட்டு மருமகளுக்குப் போன் போட்டேன். அந்த வீட்டில் மரத்தில் எல்லாம் இதே மாதிரிச் செடி தொங்கும். நான் அங்கே இருந்த காலத்தில் அந்தச் செடிகளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அந்தச் சேச்சி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, போனைக் கீழே வைத்துச் சிரித்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

இது மண்ணில் வளர்கிற சாதியே இல்லையாம். காட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் வேரை விட்டு நிற்கிற செடியாம். மண்ணைப் போட்டால் மூச்சு முட்டிச் சாகுமாம். அழுகின வேரை வெட்டு, கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போடு, போர் தண்ணீர் ஊற்றாதே, உப்பு, ஈரக்காற்று படுகிற இடத்தில் வை என்றாள்.

"சங்கரன்கோவில்ல ஈரக்காத்துக்கு நான் எங்க போவேன் சேச்சி?"

"அது உன்பாடு," என்று மறுபடியும் சிரித்தாள்.

மாஸ்டரிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து அவராகவே எழுந்தார். இருவருமாகத் தொட்டியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டோம். மண் அசையவில்லை. கடைசியில் அம்மிக் குழவியால் தொட்டியை உடைத்தோம். உள்ளே வேர் முழுவதும் கறுத்து, பிதுக்கினால் வழுவழுவென்று தோல் கழன்று கையோடு வந்தது. நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். வெட்டிக்கொண்டே போனேன். கடைசியில் எலிவால் மாதிரி கொஞ்சம் நல்ல வேரும் இரண்டு இலையும்தான் மிஞ்சின. இதை உயிர் என்று சொல்வதா என்பதிலேயே எங்களுக்குள் தகராறு.

"நாட் அவுட்," என்றார் மாஸ்டர்.

"உங்க மக ஒத்துக்கிடணும்லா."

தெருமுனை இஸ்திரிக் கடை அண்ணாச்சியிடம் கரி வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். செடிக்கு என்றேன். "மண்ணு போதாதுன்னு இப்போ கரியா?" என்று கேட்டுவிட்டு அள்ளிக் கொடுத்தார். எதில் வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. காற்றுப் புக வேண்டும், கரி கொட்டக்கூடாது. மாஸ்டர் பரணைக் காட்டினார். அங்கே ஒரு டிரங்குப் பெட்டியில் பழைய வாலிபால் வலை. தொடக்கூடச் சம்மதிக்க மாட்டார் என்று நினைத்தேன். அவரே கத்தரிக்கோலை வாங்கி ஒரு மூலையை வெட்டினார். அதைப் பை மாதிரி முடிந்து, கரியும் மட்டைத் துண்டும் போட்டு, நடுவில் செடியை உட்கார வைத்தோம்.

ஈரக்காற்றுக்கு வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. குளியலறை. கக்கூசும் அதிலேயேதான். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். காலையில் குளிக்கிற ஆவி, நாள் முழுக்க ஈரத் தரை, கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். எங்களுக்குக் குளிக்கப் போர் தண்ணீர், அதற்கு மட்டும் குழாயில் எப்போதாவது வருகிற நல்ல தண்ணீர். பெங்களூர்ச் சீமாட்டி கடைசியில் சங்கரன்கோவில் கக்கூசில் குடியேறினாள்.

அதற்குப் பிறகு மாஸ்டர் உட்காரவே இல்லை. எதற்கெடுத்தாலும் உள்ளே போவார். ஸ்பிரே பாட்டிலால் புஸ் புஸ் என்று அடிக்கிற சத்தம் கேட்கும். கால் எங்கே வைக்கிறார் என்று பார்ப்பதில்லை. ஈரத் தரை. நான் கதவுக்கு வெளியே நின்று கத்துவேன்.

"சார், நீங்க விழுந்தா உங்கள எந்த வலைல தொங்கவிட?"

"ஒனக்கு வாய் கூடிப்போச்சு."

"உள்ள என்ன செய்தீங்க இவ்ளோ நேரம்?"

"பேசிட்டு இருக்கேன்."

இலை கொஞ்சம் விறைத்தது. தண்டின் அடியில் அரிசிக் குருணை மாதிரி பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பூ மொட்டு என்று அவர் சொன்னார். பூஞ்சை என்று நான் சொன்னேன். அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசினோம்.

மே மாதம் மகள் வந்தாள். அதிகாலைப் பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறியிருக்கிறாள். விதி என்று சொல்ல மாட்டேன், சின்ன ஊர், அதே ஆட்டோக்காரர். வீட்டுக்குள் வரும்போதே முகம் சரியில்லை. பையைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, கோயிலுக்குத் தனியாவா போனீங்க?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் இருந்த பாலைப் பார்த்தேன்.

"ஆட்டோக்கார அண்ணன் சொல்றாரு. சார் பேரிகேடைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தாருன்னு. வெயில்ல. விழுந்திருந்தா? யார்கிட்டயும் சொல்லாம?"

"விழலல்லா."

"போன வருஷமும் விழறதுக்கு முன்னாடி விழாமத்தான் இருந்தீங்க."

அந்தப் பெண் சொன்னது நியாயம்தான். பிறகு அவள் கேட்டாள், "செடி எங்க?"

குளியலறைக் கதவைத் திறந்து காட்டினேன். கரி, மட்டை, வாலிபால் வலை, இரண்டு இலை. பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி, பினாயில். ஓர் உயிருள்ள பொருளை ஒருத்தரிடம் கொடுத்துவிட்டுப் போய், அதை இந்தக் கோலத்தில் திரும்பப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். அவள் கிட்டே போய், போன் வெளிச்சத்தை அடித்து, அந்தப் பச்சைக் குருணையைப் பார்த்தாள்.

"பூ," என்றார் மாஸ்டர், வாசலில் நின்றபடி.

"வேருப்பா. புது வேர்." போன் வெளிச்சத்தை அணைத்தாள். "இதை நான் கொண்டுபோறேன். இந்த வெயில்ல இது தாங்காது. பாவம்."

நான் அடுக்களையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். மாஸ்டர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சனியன் தொலைந்தது என்று இருக்க வேண்டியதுதானே. அவர் அப்படி இருக்கவில்லை.

"கொண்டுபோயி எங்கன வைப்ப?"

"பால்கனில. நல்ல வெளிச்சம். இதுக்குன்னே வந்து பார்க்கிற ஆட்கள் இருக்காங்க, போன் பண்ணா வருவாங்க."

"நீ காலைல எத்தன மணிக்குப் போற?"

"எட்டு."

"வாரது?"

"எட்டு ஆகும். ஒம்பது."

"மாப்பிள்ள?"

"அவரும் அப்படித்தான்."

"அப்போ பகல் பூரா அது செவத்தப் பாத்துட்டு நிக்கணும். தாகம் எடுத்தா யாருகிட்ட சொல்லும்?"

"செடி சொல்லுமாப்பா?"

"இங்கன சொல்லும். போகும்போதும் பாக்கேன், வரும்போதும் பாக்கேன். இவ வெளிய நின்னு ஏசுதா. இஸ்திரிக் கடைக்காரன் கேக்கான், பூக்காரி கேக்கா, சர்ச்சுல கேக்காக, செடி எப்படி இருக்கு சார்னு. அங்க அத யாரும்மா கேப்பா? வசதி இருக்கும். நல்லாத்தான் பாத்துக்கிடுவீக. நான் இல்லங்கல."

நான் பருப்பைக் கடைகிறதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த வீட்டில் வேறு சத்தமே இருந்திருக்காது. பிறகு மகள், "அப்பா, நான் செடியைப் பத்தித்தான் பேசினேன்," என்றாள்.

"நானும் அதப் பத்தித்தாம்மா பேசுதேன்," என்றார் அவர்.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறந்தது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "தரை வழுக்குது," என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். சுவரில் பதிக்கிற ஸ்டீல் கைப்பிடி, கால் வழுக்காத ரப்பர் மேட், கக்கூஸ் பக்கத்தில் அழுத்துகிற மணி என்று வாங்கிவந்தார்கள். மறுநாள் ஆள் வந்து சுவரைத் துளைத்தார். செடிமேல் தூசி விழக்கூடாது என்று மாஸ்டர் தன் பனியனைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெங்களூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அக்கா, நீங்க எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"தெரியாது தாயி," என்றேன். உண்மையிலேயே தெரியாது. "போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லுதேன். சொல்லாம எல்லாம் போகமாட்டேன்."

நிறையப் பேர் இந்தப் பதிலைக் கேட்டுக் கோபப்பட்டிருக்கிறார்கள். அவள் தலையாட்டினாள். சொல்லிவிட்டுப் போகிறேன் என்பது பெரிய வாக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது போல.

நாலு நாள் கழித்து பஸ் ஏற்றிவிடப் போனோம். மாஸ்டரும் வந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் செடி இல்லாமல், அப்பா இல்லாமல், தண்ணீர் பாட்டிலை மட்டும் மடியில் வைத்திருந்தாள்.

"ஆகஸ்ட்ல வரேம்பா."

"வாம்மா. ஆனா வேற செடி எதுவும் கொண்டாந்துராத."

பஸ் போன பிறகும் அவர் ஆட்டோவில் ஏறாமல் அங்கேயே நின்றார். அந்தப் பக்கமாகப் போன ஒருவர் பைக்கை நிறுத்தி வணக்கம் வைத்தார். மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏலே, நீ எந்த வருஷம்?" என்று கேட்டார். அவர் சொன்னார். மாஸ்டர் தன்னை எதற்காக அடித்தார் என்பதையும் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.